மூடிய அணுமின் நிலையம்: உடனே பிரிப்பதா, பூட்டிவைத்துக் காத்திருப்பதா, கான்கிரீட்டில் புதைப்பதா?

அணுமின் நிலையம் ஒன்று நிரந்தரமாக நிறுத்தப்பட்டதும், அதைச் சுற்றி வாழ்பவர்களின் கைக்குக் கருத்துக் கேட்புக் கையேடு ஒன்று வந்து சேரும். உள்ளே மூன்று வழிகள் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு படம், ஒரு செலவுத் தொகை, ஒரு முடிவு ஆண்டு. எதை ஆதரிப்பது என்று கேட்டு எழுதும் வாசகர்கள், தொகையையும் ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போயிருக்கிறார்கள். குழப்பம் நியாயமானதே. அந்தக் கையேட்டில் மிக எளிதில் மாறக்கூடியவை அந்த இரண்டு எண்கள்தான்.

கையேட்டில் அச்சாகாத கேள்வி ஒன்று உண்டு. இருபத்தைந்தாம் ஆண்டில் அந்த வளாகத்துக்குள் போய்ப் பார்க்கப்போவது யார்? போனால் அவர் கண்ணுக்கு எது தெரியும்? பாதுகாப்பு ஆய்வின் பக்கமிருந்து பார்த்தால் மூன்று வழிகளின் கணக்கும் வேறு மாதிரி வருகிறது. நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

## நின்றது உலை மட்டும்தான்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சைஸ்வெல் ஏ நிலையம் 2006 டிசம்பர் 31 அன்று மின்னுற்பத்தியை நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து, 2007 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் நிலையத்தின் சலவை அறையில் இருந்தபோது தரையில் தண்ணீர் வழிவதைப் பார்த்தார். பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்தின் குழாய் ஒன்று பிளந்திருந்தது. சுமார் 40,000 கேலன், அதாவது ஏறத்தாழ 1.8 லட்சம் லிட்டர் கதிரியக்க நீர் வெளியேறியிருந்தது. குளத்தின் நீர்மட்டம் இறங்குவதைச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஏற்பாடு யாரையும் அங்கே வரவழைக்கவில்லை. அழுக்குத் துணிதான் வரவழைத்தது.

உலை நின்றாலும் எரிபொருள் நிற்பதில்லை. அது தொடர்ந்து வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். எரிபொருளை வளாகத்திலிருந்து அகற்றினால் மொத்தக் கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் அதோடு போய்விடும். மிச்சமிருப்பது சிறு பங்குதான். ஆனால் அது எஃகுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் வடிகால் குழிகளின் அடியிலும் பரவிக் கிடக்கும். அதோடு புதிய ஆபத்துகள் வந்து சேரும்: உயரத்தில் நின்று செய்யும் வேலை, கல்நார், எஃகு வெட்டும் தீப்பொறி, கனமான தூக்குதல், காற்றோட்டமில்லாத அறைகள். இயங்கிய காலத்தில் ஆய்வாளர் உலையின் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டார். இப்போது கிரேன் கம்பியைப் பற்றியும் சாரத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

## எதை வைத்து எடைபோடுவது

எரிபொருள் எங்கே? குளத்திலா, நீரில்லாமல் மூடிவைக்கும் உலர் கலனிலா, வளாகத்துக்கு வெளியிலா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்ற எதையும் பேசுவது வீண். குளத்துக்குப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், நீரின் தூய்மை வேண்டும், கண்காணிக்க ஆள் வேண்டும். உலர் கலன் இயற்கையான காற்றோட்டத்திலேயே குளிரும்.

தொழிலாளர் வாங்கும் கதிர்வீச்சு. காத்திருப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் இதுதான். உலையின் எஃகில் உருவாகும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டுகள். 30 ஆண்டில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகவும், 60 ஆண்டில் 2,700இல் ஒரு பங்காகவும் குறைந்துவிடும்.

ஆய்வாளருக்கு என்ன தெரியும்? பூட்டிய கட்டடத்தில் எதுவும் நடக்காததால் பார்க்கவும் எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிடும். பிரிக்கும் தளத்தில் போன மாதம் பார்த்த அறையே இந்த மாதம் இருக்காது. இரண்டும் ஆய்வுக்குச் சிரமம்தான், வெவ்வேறு விதத்தில்.

பணம் யார் கையில்? எவ்வளவு என்பதைவிட இது முக்கியம். தனி நிதியத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா, நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறதா, அரசின் தலையில் விழப்போகிறதா?

நினைவு. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஆண்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் கசிவு நடந்தது என்பது வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மற்ற பாதி அங்கே முப்பது ஆண்டு வேலை செய்தவர்களின் தலைக்குள் இருக்கும்.

கழிவு போக இடம். இது இல்லாவிட்டால் மூன்று வழிகளும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும்.

## முதல் வழி: உடனே பிரிப்பது

ஜெர்மனி இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2017இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அங்கே அணுமின் நிலையத்தை மூடினால் தாமதமின்றிப் பிரிக்கவேண்டும்; பூட்டிவைத்துக் காத்திருக்கும் வழி பொதுவாகக் கிடையாது. அதே ஆண்டில் மின் நிறுவனங்கள் சுமார் 2,400 கோடி யூரோவை அரசு நிதியத்தில் செலுத்தின. கழிவைச் சேமிப்பதும் இறுதியாகப் புதைப்பதும் அந்த நிதியத்தின் பொறுப்பு. பிரிப்புச் செலவு நிறுவனங்களிடமே நின்றது. 'பணம் யார் கையில்' என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் வேறு நாடுகளில் அரிது.

இந்த வழியின் பெரிய பலம் ஆட்கள். நிலையத்தை ஓட்டியவர்களே பிரிப்பிலும் இருப்பார்கள். ஆய்வாளர் ஒரு வால்வைக் காட்டி 'இது எதற்கு' என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

இன்னொரு பலம் அதிகம் பேசப்படுவதில்லை. கோபால்ட்-60 ஆபத்தானது, ஆனால் அதுதான் ஆய்வாளருக்குச் சிறந்த ஒற்றனும்கூட. அதன் காமாக் கதிர் கருவியில் உடனே தெரியும். ஒரு குழாயில் இவ்வளவு கோபால்ட் இருந்தால், எளிதில் அளக்க முடியாத மற்றப் பொருள்கள் எவ்வளவு இருக்கும் என்று விகிதம் வைத்துக் கணக்கிடலாம். ஐம்பது ஆண்டு கழிந்தால் ஒற்றன் மறைந்துவிடுவான். அவன் காட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் மறையமாட்டார்கள். நிக்கல்-63இன் அரை ஆயுள் சுமார் 100 ஆண்டுகள், கார்பன்-14இனுடையது 5,730 ஆண்டுகள். போதாக்குறைக்கு, எரிபொருள் சிதைந்து பரவிய இடங்களில் புளூட்டோனியம்-241 மெல்ல அமெரிசியம்-241ஆக மாறும். அது மூச்சுவழி உள்ளே போனால் ஆபத்து. அதன் அளவு காலத்தோடு குறையாது. முதல் சில பத்தாண்டுகளுக்குக் கூடும். காத்திருந்தால் எல்லாம் ஆறிவிடும் என்பது பாதி உண்மைதான்.

அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையம் இந்த வழிக்கு நல்ல உதாரணம். 1972இல் தொடங்கி 1996வரை ஓடியது. 2004இல் உலைக்கூடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2005இல் பிரிப்பு முடிந்தது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, விடுவிக்கப்பட்ட நிலத்திலிருந்து ஒருவருக்குச் சேரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது. மெய்ன் மாநிலம் தன் சட்டத்தில் அதை 0.10 என்று இறுக்கியது. இறுதி அளவீட்டின்போது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கருவியோடு நடந்து, மண் மாதிரி எடுத்துப் பதிவுசெய்வார்கள். ஒழுங்குமுறை அமைப்பு அந்த அறிக்கையை அப்படியே ஏற்பதில்லை. தன் சார்பில் வேறொரு குழுவை அனுப்பிச் சில கட்டங்களில் மறுபடி அளக்கும். வீடு மாறும்போது சாவியை வாங்குபவர் எல்லா அறைக் கதவையும் திறந்து பார்ப்பதைப் போல.

மறைந்திருக்கும் செலவு. மெய்ன் யாங்கியின் பசும்புல் வெளியில் இன்றும் 64 கான்கிரீட் கலன்கள் நிற்கின்றன. 60இல் எரிபொருள், 4இல் உலையின் உள்பாகங்கள். கூட்டரசு எடுத்துப்போக வேண்டிய கழிவு அது. எடுத்துப்போக இடம் இல்லை. காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி டாலர் ஆகிறது. 'பிரித்து முடித்தாயிற்று' என்ற அறிவிப்புக்குப் பின்னாலும் ஆய்வாளர் வந்துகொண்டேதான் இருக்கிறார்.

அவசரமும் ஒரு செலவுதான். கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே நிலையத்தில் 2018 ஆகஸ்ட் 3 அன்று, எரிபொருள் நிரம்பிய சுமார் 50 டன் எடையுள்ள கலனைக் கான்கிரீட் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது உள்வளையம் ஒன்றின் விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. இறக்கியவர்களுக்கு அது தெரியவில்லை. கலன் கீழே போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். தாங்கும் பட்டைகள் தொய்ந்துவிட்டன. முக்கால் மணி நேரம் போல அந்தக் கலன், பதினெட்டு அடி பள்ளத்துக்கு மேல், கம்பியின் பிடிப்பே இல்லாமல் ஒரு விளிம்பை நம்பி நின்றது. ஆணையத்துக்கு முறைப்படி உரிய நேரத்தில் தகவல் போகவில்லை. சில நாள் கழித்து நடந்த பொதுக் கூட்டத்தில் தள ஊழியர் ஒருவர் எழுந்து சொன்னபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு 1,16,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உலை ஓடும் காலத்தில் எரிபொருள் கலன் இறக்குவது எப்போதாவது நடக்கும் வேலை. பிரிப்பில் அது வாரந்தோறும் நடக்கும் வேலை. பழகப்பழகக் கவனம் தளரும். ஆய்வாளர் நிற்கவேண்டிய இடம் அங்கேதான், அலுவலக அறையில் இல்லை.

'உடனே' என்ற சொல்லையும் முழுசாக நம்பவேண்டாம். பிரான்ஸும் விரைந்து பிரிப்பதையே சட்டத்தில் வலியுறுத்துகிறது. ஆனால் 1985இல் நின்ற பிரெனிலிஸ் என்ற சிறிய உலையை முழுமையாகப் பிரிக்கும் ஆணை 2023இல்தான் வந்தது.

## இரண்டாம் வழி: பூட்டிவைத்துக் காத்திருப்பது

எரிபொருளை எடுத்துவிட்டு, நீரை வடித்து, கட்டடத்தை மூடி, சில பத்தாண்டுகள் கழித்துப் பிரிப்பது. அமெரிக்காவில் இதற்கு உச்சவரம்பு உண்டு: நிறுத்தியதிலிருந்து 60 ஆண்டுக்குள் எல்லா வேலையும் முடியவேண்டும். பிரிட்டனில் மேக்னாக்ஸ் என்ற பழைய வகை நிலையங்களுக்கு இதுவே பல ஆண்டுகளாகத் திட்டமாக இருந்தது. எசெக்ஸ் கரையில் உள்ள பிராட்வெல் 2018இல் இந்த நிலைக்குள் நுழைந்த முதல் நிலையம். அங்கே உலைக் கட்டடங்களுக்கு அலுமினியப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள்.

காத்திருப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு. மேக்னாக்ஸ் உலைகள் பெரிய கிராஃபைட் அடுக்குகளைக் கொண்டவை. நீர் உலைகளைப் போல நீரை நிரப்பி, நீருக்கடியில் பாதுகாப்பாக வெட்டுவது எளிதல்ல. கிராஃபைட்டைக் கொண்டுபோய் வைக்க இடமும் இன்னும் அமையவில்லை. பிரிக்கத் தெரியாத ஒன்றை அவசரப்பட்டுப் பிரிப்பதைவிட மூடிவைப்பது மேல். தொழிலாளர் வாங்கும் கதிர்வீச்சும் உண்மையிலேயே குறையும். ஆனால் லாபத்தின் பெரும்பகுதி முதல் முப்பது ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள் என்பதால் அது முதல் முப்பதில் பாதியாகும், அடுத்த முப்பதில் கால் பங்காகும், அவ்வளவுதான். 60, 80 என்று நீட்டுவதற்குக் கதிர்வீச்சைக் காரணமாகச் சொன்னால், பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

இந்த வழியின் ஆபத்தைப் புரிந்துகொள்ள ஒரு குளிர்கால நாள் போதும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள டிரெஸ்டன் நிலையத்தின் முதல் உலை 1978இல் நின்றது. பக்கத்திலேயே இரண்டாம், மூன்றாம் உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1994 ஜனவரி 25 அன்று முதல் உலையின் கூடத்துக்குள் போனவர்கள், அடித்தளத்தில் சுமார் 55,000 கேலன், அதாவது இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்பதைக் கண்டார்கள். கூடத்துக்கு வெப்பமூட்டல் இல்லை. அங்கே போன பொதுப் பயன்பாட்டு நீர்க்குழாய் பனியில் உறைந்து வெடித்திருந்தது. அது எரிபொருள் குளத்து நீர் அல்ல, ஆளுக்கும் ஆபத்தில்லை. அப்படியென்றால் ஏன் ஆணையம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது? குளத்தோடு இணைந்த எரிபொருள் மாற்றுக் குழாயும் அதே குளிர்ந்த கூடத்தின் வழியாகத்தான் போனது. அது வெடித்திருந்தால் 660 எரிபொருள் கட்டுகள் கிடந்த குளம் வடிந்திருக்கும். பதினாறு ஆண்டாக நின்ற உலையில், பக்கத்திலேயே முழு ஆள்பலத்தோடு இரண்டு உலைகள் இயங்கிய வளாகத்தில் இது நடந்தது. கவனம் முழுவதும் ஓடும் உலைகளின் மேல் இருந்தது.

எனவே இந்த வழிக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: குளத்தில் எரிபொருள் இருக்கும்வரை 'காத்திருப்பு' தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும். எரிபொருள், ஈரக் கழிவு, சேறு மூன்றும் வெளியேறிய பிறகு மூடினால் அது காத்திருப்பு. அதற்கு முன்பு மூடினால் அது ஒத்திப்போடல். பிராட்வெல்லிலேயே, வடிகால் குழி ஒன்றிலிருந்து 14 ஆண்டுகள் கசிவு நடந்து 2004இல் தெரியவந்தது. பின்னர் வழக்காகி 2009இல் அபராதமும் விதிக்கப்பட்டது. யாரும் திறந்து பார்க்காத குழி அது.

மறைந்திருக்கும் செலவு. காவல், கூரைப் பராமரிப்பு, மழைநீர் வடிகால், பறவை எச்சம், துருப்பிடித்த ஏணி, சுவிட்சுப் பெட்டி. தனித்தனியே அற்பம்; அறுபது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் அற்பமல்ல. ஆய்வாளரின் வருகையும் அருகும். அமெரிக்காவில் ஓடும் நிலையத்தில் ஆணையத்தின் ஆய்வாளர்கள் வளாகத்திலேயே அமர்ந்து வேலை செய்வார்கள். நிரந்தரமாக நின்ற பிறகு அவர்கள் விலக்கப்பட்டு, மண்டல அலுவலகத்திலிருந்து அவ்வப்போது வந்து போகும் முறை வரும். எரிபொருளின் வெப்பம் குறைந்ததைக் காட்டி, வெளிப்பகுதிக்கான அவசரகாலத் திட்டத்தைச் சுருக்கவும் நிறுவனங்கள் விலக்குக் கேட்கும். அறிவியல்படி அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவசரகாலத் திட்டத்துக்கான பணத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தீயணைப்புக் குழு அதோடு காணாமல்போகும் என்பதைக் கையேட்டில் எழுதமாட்டார்கள்.

பெரிய செலவு நினைவுதான். முப்பது ஆண்டு கழித்துப் பிரிக்க வருபவர் மூடும்போது பிறந்தே இருக்கமாட்டார்; பிரிக்கும்போது நிலையத்தை ஓட்டியவர் அங்கே இருக்கமாட்டார். கணினிக் கோப்பு திறக்குமா என்பதும் நிச்சயமில்லை.

## மூன்றாம் வழி: கான்கிரீட்டில் புதைப்பது

இதைப் பற்றி நீட்டிப் பேச விஷயம் இல்லை. 2014இல் வெளியான சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தேவைகள், திட்டமிட்டு மூடும் நிலையத்துக்குப் புதைப்பை ஒரு வழியாகவே ஏற்கவில்லை. பெரும் விபத்து போன்ற விதிவிலக்கான நிலைமைக்கு மட்டுமே இடம் தருகிறது. கையேட்டில் மூன்றாவது படமாக இது அச்சாகியிருந்தால், முதல் இரண்டையும் நல்லதாகக் காட்டத்தான் அங்கே இருக்கிறது என்பது என் ஊகம்.

அமெரிக்காவில் ஹாலம், பிக்வா, போர்ட்டோ ரீக்கோவின் போனஸ் ஆகிய மூன்று சிறிய சோதனை உலைகளை 1960களின் இறுதியில் இப்படி மூடினார்கள். சில ஆண்டுகள் மட்டுமே ஓடியவை அவை. அதனால் உள்ளே தேங்கிய கதிரியக்கம் குறைவு. அப்படியும் எரிசக்தித் துறை இன்றுவரை அவற்றைக் கண்காணிக்கிறது. நாற்பது ஆண்டு ஓடிய பெரிய உலையை அப்படிப் புதைத்தால், அந்த இடம் கழிவுப் புதைகுழியாகவே ஆகிவிடும். நிக்கல்-59, நியோபியம்-94 போன்றவற்றின் ஆயுளோடு ஒப்பிட்டால் கான்கிரீட்டின் ஆயுள் ஒரு கண்சிமிட்டல்.

விபத்து நடந்த இடத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். செர்னோபிலில் 1986இல் எழுப்பிய கூட்டின் மேல், 2016 நவம்பரில் நூறாண்டுக்கென வடிவமைத்த பெரிய வளைவை நகர்த்தி மூடினார்கள். 2025 பிப்ரவரியில் டிரோன் ஒன்று அதைத் துளைத்தது. நூறாண்டுத் திட்டம் போட்டவர்கள் பனி, காற்று, நிலநடுக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தார்கள்.

## நான்காவதாக ஒன்று: பகுதி பகுதியாக

பிரிட்டனே தன் பழைய திட்டத்திலிருந்து விலகிவருகிறது. எல்லா மேக்னாக்ஸ் நிலையங்களையும் ஒரே மாதிரி பூட்டிவைப்பதற்குப் பதிலாக, நிலையத்துக்கு நிலையம் தனித் திட்டம் என்று ஆகியிருக்கிறது. வேல்ஸின் டிராஸ்ஃபினித் நிலையம் 1991இல் மூடியது. அதைக் காத்திருக்கவிடாமல் முதலில் பிரித்துக் கற்றுக்கொண்டு, அந்தப் பாடத்தோடு அடுத்ததற்குப் போவது நோக்கம். ஒரே உரிமையாளரிடம் பல நிலையங்கள் இருந்தால் இது புத்திசாலித்தனம்: குழு கலையாது, கருவி வீணாகாது, ஆய்வாளருக்கும் அனுபவம் சேரும். ஒற்றை நிலையம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

அமெரிக்காவில் திசை திரும்பியது வேறு விதத்தில். 2014 டிசம்பரில் மூடிய வெர்மாண்ட் யாங்கி முதலில் காத்திருப்பு வழியில் இருந்தது. முடிவு 2075 வாக்கில் என்றார்கள். 2019இல் பிரிப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று அதை வாங்கியதும், 2030க்குள் முடிப்போம் என்றது. வேகம் நல்லதுதான். ஆனால் நிதியத்தில் மிஞ்சுவது நிறுவனத்துக்கு லாபம் என்ற ஏற்பாட்டில், எங்கே சுருக்குவார்கள் என்பதை ஆய்வாளர் தினமும் கேட்கவேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உடனே பிரித்தல் | பூட்டிக் காத்திருத்தல் | புதைத்தல் |
|---|---|---|---|
| எரிபொருள் | முதல் சில ஆண்டில் குளத்திலிருந்து கலனுக்கு | அகற்றிய பின்பே மூடலாம் | விபத்தில் உருகியிருந்தால் உள்ளேயே |
| தொழிலாளர் கதிர்வீச்சு | அதிகம். தொலைக் கருவிகளும் நீர்மறைப்பும் வேண்டும் | குறைவு. லாபம் பெரிதும் முதல் 30 ஆண்டில் | மிகக் குறைவு |
| விபத்தின் வகை | தூக்குதல், தீ, வெட்டுதல் | கவனிக்கப்படாத பழுது | நீர் ஊடுருவல், விரிசல் |
| அளவீடு | எளிது, கோபால்ட் காட்டிக்கொடுக்கும் | காலத்தோடு கடினம் | உள்ளே அளக்க முடியாது |
| ஆய்வு | அடிக்கடி, தளத்தில் | அரிதாக, பட்டியல் வைத்து | முடிவின்றி |
| நினைவு | பழைய ஆட்கள் உண்டு | காகிதம் மட்டும் | தேவை குறைவு, காலம் நீளம் |
| பணம் | இப்போதே முழுத்தொகை | நிதியம் வளரலாம், நிறுவனம் மறையலாம் | தொடக்கத்தில் மலிவு |

## ஆய்வு முறையும் தேர்வின் ஒரு பகுதி

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு.

அமெரிக்காவில் நிலையத்தார் மூடிய இரண்டு ஆண்டுக்குள் பிரிப்புத் திட்ட அறிக்கை ஒன்றைத் தரவேண்டும். பொதுக் கூட்டம் நடக்கும். பலருக்கும் தெரியாதது: ஆணையம் அந்த அறிக்கையை 'ஒப்புதல்' என்ற முத்திரையோடு ஏற்பதில்லை. அறிக்கை வந்து 90 நாள் கழிந்து ஆட்சேபணை இல்லையென்றால் பெரிய வேலைகளைத் தொடங்கலாம். முறையான ஒப்புதல் வருவது கடைசியில், உரிமத்தை முடித்துவைக்கும் திட்டத்துக்குத்தான். ஆகவே மக்கள் கருத்துச் சொல்லும் நேரம் தொடக்கத்தில், ஒப்புதலின் பற்கள் இருப்பது முடிவில்.

பிரிட்டனில் உரிமத்தோடு 36 நிபந்தனைகள் சேர்ந்தே வரும். நிலையம் ஓடினாலும் நின்றாலும் அதே 36தான். 28ஆவது பராமரிப்பும் சோதனையும், 32ஆவது கழிவு தேங்குவது, 35ஆவது பிரிப்பு, 36ஆவது போதுமான ஆட்களும் திறமையும் இருக்கின்றனவா என்பது. அணு ஒழுங்குமுறை அலுவலகத்தின் தள ஆய்வாளர் ஒவ்வொரு வருகையிலும் சில நிபந்தனைகளை எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என மதிப்பிடுவார். எப்படிச் செய்வது என்பதை விதி சொல்லாது; பாதுகாப்பானது என்று நிலையத்தார்தான் நிரூபிக்கவேண்டும். பிரிப்பு வேலைக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் தளம் மாறும்; மாறாத விதிப்புத்தகம் துரத்திப் பிடிக்க முடியாது. பலவீனமும் அதிலேயே: ஆய்வாளர் திறமைசாலியாக இருக்கவேண்டும். மந்தமான ஆய்வாளருக்கு எண் வைத்த விதி கைகொடுக்கும். இந்த முறை கைகொடுக்காது.

## யாருக்கு எது

நீர்க் குளிர்விப்பு உலை, நிதியம் நிறைந்திருக்கிறது, ஆட்கள் இன்னும் போகவில்லை, கதிரியக்கம் குறைந்த கழிவுக்கு இடம் இருக்கிறது என்றால் உடனே பிரிப்பதே சரி. தயங்கவேண்டாம். எரிபொருள் கலன்கள் வளாகத்திலேயே நிற்கும் என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராஃபைட் உலை என்றாலும், கழிவுக்கு இடமே இல்லை என்றாலும், பக்கத்து உலை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடப்போகிறது என்றாலும் காத்திருப்பை எதிர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதியத்தில் பணம் போதாமல் காத்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னால், அது குறைந்தபட்சம் நேர்மையான பதில். அப்போது பேச்சு நிதியத்தைப் பற்றியதாக மாறும், மாறவேண்டும்.

கருத்துக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கதிர்வீச்சைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் பதில் தயாரித்து வந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, மூடிய பிறகு வெப்பமூட்டாமலோ ஆள் போகாமலோ விடப்படும் அறைகள் எவை, அவற்றின் வழியாகத் திரவம் நிற்கும் குழாய்கள் எவை போகின்றன, ஒவ்வொன்றையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் நேரில் பார்ப்பார்கள் என்று பட்டியல் கேளுங்கள். அந்தப் பட்டியல் அவர்களிடம் இருக்கத்தான் வேண்டும். மேசையில் எடுத்துவைத்தால் கையேட்டின் மற்றப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கலாம். 'பிறகு அனுப்புகிறோம்' என்றால், கேட்ட தேதியையும் அந்தப் பதிலையும் கருத்துப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆய்வாளருக்கும் ஒரு நகல் போகட்டும்.